லைவ்வெல் வழிந்தால் பம்பைத் திட்டாதீர்கள்

மீன்பிடி படகில் லைவ்வெல் வழிகிறது என்று சொன்னால் கேட்பவர்கள் எல்லாரும் முதலில் கை காட்டுவது பம்பைத்தான். சத்தம் போடுவது அது ஒன்றுதான், ஸ்விட்ச் இருப்பதும் அதற்குத்தான், கடைக்குப் போய் வாங்கி வந்து மாட்ட முடிகிற பொருளும் அதுதான், அதனால் சந்தேகமும் அதன் தலையிலேயே விழுகிறது. ஆனால் வழிவது என்றால் என்ன? உள்ளே வருகிற அளவுக்கு வெளியே போகவில்லை, அவ்வளவுதானே. உள்ளே தள்ளுவதற்கு மோட்டார் இருக்கிறது. வெளியே போவதற்கு ஒரு ஓட்டை, ஒரு குழாய், மிச்சமெல்லாம் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ள வேண்டியது. எந்தப் பக்கம் ஆள் பலம் குறைவோ அந்தப் பக்கத்தைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

லைவ்வெல் பழக்கமில்லாதவர்களுக்கு: பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்க படகுக்குள்ளேயே அமைத்திருக்கிற தொட்டி அது. நான் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. லூயிஸ்வில் ஏரி பக்கம். இங்கே லார்ஜ்மவுத் பாஸ் என்கிற ஏரி மீனைப் பிடிப்பதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். பம்பு ஏரித் தண்ணீரை இழுத்துத் தொட்டிக்குள் தெளிக்கும், தொட்டி ஒரு மட்டத்துக்கு நிறைந்ததும் மிச்சம் பக்கச் சுவரில் மேலே இருக்கிற ஓட்டை வழியாகத் திரும்ப ஏரிக்கே போய்விடும். போட்டியில் பிடித்த மீனைக் கொல்லாமல் எடை போட்டுத் திரும்ப விடும் வழக்கத்தை ரே ஸ்காட் 1972-ல் தன் பி.ஏ.எஸ்.எஸ். என்கிற பாஸ் மீன்பிடிப்பவர்கள் சங்கத்தின் போட்டிகளில் கொண்டுவந்தார், இந்தத் தொட்டிகள் பாஸ் படகுகளில் பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம். நாங்கள் போட்டிக்கெல்லாம் போவதில்லை. ஆனாலும் சமைக்கிற வரைக்கும் மீன் துள்ளிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஊரிலிருந்து வந்தவர்கள், அதனால் தொட்டி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும்.

என்னுடையது 17 அடி அலுமினியப் படகு, பழையதாக வாங்கியது. பின்தொட்டி ஏறக்குறைய 95 லிட்டர் பிடிக்கும், இங்கத்திய கணக்கில் 25 காலன். வாங்கிய முதல் கோடையிலேயே இரண்டு தொல்லை தெரிந்தது. பம்பை ஓட விட்டால் சில நிமிடத்தில் மூடியின் ஓரமாகத் தண்ணீர் பொங்கி, மேல்தளத்துக் கார்ப்பெட் எல்லாம் நனையும். அது ஒன்று. இன்னொன்று, பில்ஜ் பம்பு, அதாவது படகின் அடிவயிற்றில் சேரும் தண்ணீரை வெளியே துப்புகிற பம்பு, அடிக்கடி தானாக ஓடும். இரண்டும் ஒரே கோளாறு என்றுதான் தோன்றும். இல்லை. மூடி வழியாக வழிவது வெளியேறும் பாதை போதவில்லை என்று சொல்கிறது. பில்ஜில் தண்ணீர் சேர்வது வெளியேறும் பாதை எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று சொல்கிறது. முன்னது எரிச்சல், பின்னது ஆபத்து.

ஏன் ஆபத்து என்றால், லைவ்வெல் பம்பு ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கிறது. ஏரியில் தண்ணீர் தீராது. ஓவர்ஃப்ளோ குழாய் கழன்றிருந்தால் அந்தப் பம்பு படகுக்குள்ளேயே ஏரியை இறைத்துக்கொண்டிருக்கும். பில்ஜ் பம்பும் பேட்டரியும் தாக்குப்பிடிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. டைமரில் போட்டுவிட்டுப் படகைக் கரையில் கட்டிவிட்டு சாப்பிடப் போகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கூட வருகிற தம்பி ஒருவன் இருக்கிறான், இர்விங்கில் இருப்பவன், எதையும் பிரிப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பு சொல்லிவிடுவான்.

"அண்ணா, பம்ப் போயிடுச்சுண்ணா. 1,100 காலன் பம்பு ஒண்ணு வாங்கிப் போட்ருங்க, சும்மா பிச்சுக்கிட்டு போகும்."

"எங்கடா போகும்? மூடி வழியாவா?"

அவன் சொன்னதைத்தான் படகின் பழைய சொந்தக்காரரும் செய்திருந்தார். அந்தக் காலத்தில் படகோடு வந்த பம்பு மணிக்கு 500 காலன், அவர் அதைக் கழற்றிவிட்டு 800 காலன் பம்பு மாட்டியிருந்தார், கோடையில் மீன் செத்துப்போகிறது என்பதற்காக. நல்ல எண்ணம்தான். ஆனால் வெளியேறும் பக்கத்தைத் தொடவில்லை. தொடவில்லை என்றும் சொல்ல முடியாது, அதைக் கெடுத்திருந்தார்: படகின் பக்கவாட்டில் தண்ணீர் வெளியே விழுகிற பிளாஸ்டிக் வாய் வெயிலில் வெடித்துப்போயிருக்கும் போல, அதை மாற்றும்போது கையில் கிடைத்த முக்கால் இன்ச் வாயைப் போட்டு, ஒன்றே அரைக்கால் இன்ச் குழாயை அதில் ஒரு ரெட்யூசர், அதாவது பெரிய குழாயைச் சின்ன வாயோடு சேர்க்கிற இணைப்பு, வைத்து மாட்டிவிட்டார்.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம், பெரிய கணக்கில்லை. ஓவர்ஃப்ளோ ஓட்டையின் நடுவிலிருந்து தொட்டி விளிம்புக்கு என் படகில் 5 செ.மீ. உயரம். அதாவது வழிவதற்கு முன்னால் அந்த ஓட்டையைத் தள்ளுவதற்குக் கிடைக்கிற அதிகபட்ச தண்ணீர் உயரம் 5 செ.மீ., அதற்கு மேல் போனால் மூடி. அந்த உயரத்துக்குத் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர்தான் வரும், ஓட்டை வாயில் நெரிபடுவதால் நடைமுறையில் அதிலும் 6 பங்கு போலத்தான் கிடைக்கும், 10-ல் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் இன்ச் ஓட்டை வழியாக இப்படிப் போகிற தண்ணீர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர். ஒன்றே அரைக்கால் இன்ச் என்றால் 23 லிட்டர். ஒன்றரை இன்ச் என்றால் 41. விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் நான்கு மடங்கு, அதனால்தான் கால் இன்ச் வித்தியாசம் கூட இவ்வளவு பேசுகிறது.

குழாய் முழுக்க நிறைந்து, வளையாமல், கீழ்நோக்கி நன்றாக இறங்கினால் கீழே இறங்குகிற தண்ணீரே மேலே உள்ளதை இழுக்கும், அப்போது இதைவிடக் கூடுதலாகவே போகும். ஆனால் அதை நம்பி அமைக்கக் கூடாது என்பது என் கருத்து. உள்ளே காற்று நுழைந்த நிமிடமே அந்த இழுப்பு போய்விடும்.

இப்போது உள்ளே வருவது. படகு தண்ணீரில் இருக்கும்போது தெளிப்பான் முனையைக் கழற்றிவிட்டு அந்தக் குழாயை 5 காலன் வாளியில் விட்டுப் பார்த்தேன், அதாவது 19 லிட்டர். 35 விநாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 32 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கிற 800 காலன் என்பது எந்தத் தடையும் இல்லாதபோது வருகிற எண், குழாய் ஏறி, வளைந்து, முனை வழியாக வரும்போது அதில் பாதியோ முக்காலோதான் மிஞ்சும். சரி, 32 உள்ளே, 10 வெளியே. இதற்கு மேல் மூடி எப்படி வழியாமல் இருக்கும்?

நம் ஊரில் மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்க் வைக்கிற பிளம்பர் யாரும் இதைச் செய்ய மாட்டார், ஏற்றுகிற பைப்பைவிட ஓவர்ஃப்ளோ பைப் ஒரு சைஸாவது பெரிதாக இருக்கும். படகிலும் விதி அதேதான். அப்புறம், முழுப் பாதையிலும் எது மிகக் குறுகலோ அதுதான் கணக்கு. தொட்டியில் பெரிய வாய், நடுவில் பெரிய குழாய், கடைசியில் முக்கால் இன்ச் என்றால் உங்களிடம் இருப்பது முக்கால் இன்ச் ஓவர்ஃப்ளோ.

இந்தக் கணக்கெல்லாம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று, அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. தொட்டியில் போட்ட பாஸ் மீன் பயத்தில் வயிற்றில் இருப்பதைக் கக்கும், பாதி செரித்த ஷாட் மீன், நண்டு மாதிரி இருக்கிற கிராஃபிஷ் எல்லாம் வரும். செதில் உதிரும். ஹைட்ரில்லா பாசி பம்பு வழியாகவே துண்டு துண்டாக உள்ளே வரும். தூண்டிலில் மாட்டுகிற ரப்பர் புழு கழன்று தொட்டியில் விழுந்தால் நேராக ஓவர்ஃப்ளோ வலையில் போய் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தட்டையான சிறு வலை என்றால் ஒரே ஒரு இலை போதும், ஓட்டை பாதி மூடிவிடும். அரைக்கோளம் மாதிரி வெளியே புடைத்துக்கொண்டிருக்கும் வலை கிடைக்கிறது, அதில் ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் போகும். வலையை எடுத்தே விடலாமே என்று தோன்றும், எடுத்தால் அந்த ரப்பர் புழு குழாயின் நடுவில் போய் உட்காரும்.

என் படகில் வெளிவாய்ப் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது மண் தெரிந்தது. ஏரியில் மண் இருக்கும்தான், ஆனால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிற ஓட்டைக்குள் மண் எப்படி வரும்? மண்குளவி. குளிர்காலம் முழுக்கப் படகு கொட்டகையில் நிற்கும், வசந்தத்தில் எடுப்பதற்குள் குளவி வந்து விரல் கனமான எந்த ஓட்டையைப் பார்த்தாலும் கூடு கட்டிவிடும். உள்ளே மயக்கிப்போட்ட சிலந்திகளை அடுக்கி வைத்திருக்கும், தன் குஞ்சுக்குச் சாப்பாடு. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று அம்மா சொல்வார், லைவ்வெல் குழாயில் கட்டினால் என்ன பலன் என்று போனில் கேட்டேன், பதில் வரவில்லை. ஒரு நெகிழ்வான கம்பியை விட்டுக் கிளறி, தோட்டத்து ஓஸ் பைப்பை வெளிவாயில் வைத்துப் பின்பக்கமாகத் தண்ணீர் அடித்தால் வந்துவிடும். அழுத்தத்தை மெதுவாகக் கூட்டுங்கள், பழைய குழாய் உள்ளே எங்காவது கழன்றால் அப்புறம் தளத்தைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

குளவிக்கூட்டை எடுத்த பிறகும் வழிவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. அப்போதுதான் பின்பக்கப் பேட்டரிப் பலகையைக் கழற்றிக் குழாய் போகிற பாதையைப் பார்த்தேன். தொட்டியிலிருந்து கிளம்பிய குழாய் பெட்ரோல் டேங்க் ஓரமாகத் தொங்கி ஒரு தொட்டில் மாதிரி இறங்கி, திரும்ப மேலேறி வெளிவாய்க்குப் போகிறது. இந்தத் தொங்கல்தான் பலரும் கவனிக்காமல் விடுவது. போன தடவை போன தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். அடுத்த தடவை தொட்டியிலிருந்து தண்ணீர் வரும்போது தேங்கியதற்கும் வருவதற்கும் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். மேலே இருப்பது 5 செ.மீ. தண்ணீர் உயரம், பள்ளத்தின் ஆழம் 15 செ.மீ., யார் ஜெயிப்பார்கள்? காற்று அசையாது, தண்ணீர் மூடியைத் தேடிப் போகும். படகு குலுங்கும்போது திடீரென்று கடகடவென்று ஒரே மூச்சில் வடியும், அப்புறம் திரும்ப அடைத்துக்கொள்ளும். சில நேரம் வழிகிறது, சில நேரம் வழிவதில்லை என்று குழப்பமாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதற்குப் பணம் செலவில்லை. குழாயைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, தொட்டியிலிருந்து வெளிவாய் வரைக்கும் எங்கேயும் ஏறாமல் இறங்கிக்கொண்டே போகிற மாதிரி, ஒரு ஜாணுக்கு ஒரு பிடிப்பு வைத்துக் கட்ட வேண்டும். உள்பக்கம் வரிவரியாக இருக்கிற மலிவான குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே வழவழப்பாக இருப்பதைப் போடுங்கள். அந்த வரிகள் தண்ணீரையும் தடுக்கும், அழுக்கையும் பிடித்து வைக்கும்.

இரண்டு தொட்டி இருக்கிற படகுகளில் இரண்டின் ஓவர்ஃப்ளோவையும் ஒரு டி இணைப்பில் சேர்த்து ஒரே வாய் வழியாக வெளியே விட்டிருப்பார்கள், கம்பெனிக்கு ஒரு ஓட்டை மிச்சம். அந்த ஒரு வாய் திணறினால் ஒரு தொட்டியின் மிச்சம் இன்னொரு தொட்டிக்குள் ஏறும். பின்தொட்டி மட்டும் ஓடுகிறது, முன்தொட்டி தானாக நிறைகிறது என்றால் பேய் பிசாசு எதுவும் இல்லை, அந்த டி-தான்.

பில்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கண்டுபிடிக்க ஏரிக்கே போக வேண்டாம், வீட்டு முன்னால் டிரெய்லரில் வைத்தே பார்க்கலாம். படகைச் சமமாக நிறுத்தி, பில்ஜைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஓஸ் பைப்பால் தொட்டியில் ஓவர்ஃப்ளோ ஓட்டைக்குக் கீழே வரைக்கும் தண்ணீர் பிடித்து, கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை போடுங்கள். அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பில்ஜில் நிறம் வந்தால் கசிவு தொட்டியின் கீழ்ப்பாதியில், வடிகால் பொருத்தும் இடத்தில். வரவில்லை என்றால் ஓவர்ஃப்ளோ ஓடுகிற வரைக்கும் நிரப்புங்கள். இப்போது நிறம் வந்தால் கசிவு ஓவர்ஃப்ளோ பாதையில். என் படகில் இரண்டாவது. தொட்டியில் குழாய் மாட்டுகிற பிளாஸ்டிக் முனையில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கியதால் வந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. தொட்டி முக்கால்வாசி இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டுகூடக் கசியாது. நிறைந்து வழிகிற நேரத்தில் மட்டும் கசியும். பக்கத்திலேயே தளத்துக்கு அடியில் மிதவைக்காக வைத்திருக்கிற ஃபோம் கொஞ்சம் ஊறிப்போயிருந்தது, ஊறின ஃபோம் அவ்வளவு சுலபத்தில் காயாது, படகை ஆயுளுக்கும் கனமாக்கிவிடும். அந்த ஓரத்தை வெட்டி எடுத்தேன்.

வீட்டு முன்னால் பார்க்க முடியாத விஷயங்களும் இருக்கின்றன. படகு ஓடும்போது நடப்பவை.

தண்ணீர் உள்ளே வரும் வாயில் சில படகுகளில் முன்னோக்கிய கரண்டி மாதிரி ஒன்று இருக்கும், ஓடும்போதும் தண்ணீர் பிடிப்பதற்காக. பம்பு அணைந்திருந்தாலும் இது வேலை செய்யும், ஏனென்றால் இந்த வகைப் பம்பு அணைந்திருக்கும்போது பாதையை அடைக்காது, தண்ணீர் விசிறிக்கு நடுவே புகுந்து போய்விடும். மணிக்கு 30 மைல் வேகத்தில் அந்தக் கரண்டி வாயில் விழுகிற அழுத்தம், கணக்குப்படி முழுதாகக் கிடைத்தால், 9 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். மூன்று மாடி. அதில் கால்வாசி வந்தாலே எந்த ஓவர்ஃப்ளோவும் தாங்காது. ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வேகமாகப் போய் நிறுத்தினால் கார்ப்பெட் நனைந்திருக்கிறது, நின்ற இடத்தில் ஓட விட்டால் ஒன்றும் வழியவில்லை என்றால் இதுதான். உள்வாய்க்குப் பக்கத்தில் ஒரு பால் வால்வு போட்டு ஓடும்போது மூடி வைப்பது நல்ல வழி. திறக்காமல் பம்பைப் போட்டுவிடக் கூடாது, அது காய்ந்து ஓடும். கரண்டி பின்னோக்கித் திரும்பியிருந்தால் நேர்மாறாக, ஓடும்போது தொட்டியையே உறிஞ்சிக் காலி செய்துவிடும், போய்ச் சேர்ந்து மூடியைத் திறந்தால் மீன் வறண்ட தொட்டியில் கிடக்கும்.

சாய்வு இன்னொன்று. வேகமெடுக்கும்போது மூக்கு தூக்கும். 60 செ.மீ. நீளத் தொட்டி 5 டிகிரி சாய்ந்தால் ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் தண்ணீர் மட்டம் 5 செ.மீ. வித்தியாசப்படும், அதாவது என் படகில் ஓட்டைக்கும் விளிம்புக்கும் இருக்கிற மொத்த இடைவெளியும் போயிற்று. ஓவர்ஃப்ளோ ஓட்டை தொட்டியின் பின்சுவரில் இருந்தால் பிழைத்தோம், முன்சுவரில் இருந்தால் தண்ணீர் ஓட்டையை விட்டு விலகிப் பின்னால் மூடியில் ஏறும். புதிதாக ஓட்டை போடுகிறவர்கள் பின்பக்கம் போடுங்கள்.

நிற்கும்போது நடப்பது வேறு. தொட்டி நிறைந்தால் 95 கிலோ, அதோடு இரண்டு பேரும் பின்னால் போய் நின்றால் படகின் பின்பக்கம் அமுங்கும். வெளிவாய் தண்ணீருக்குள் போய்விடும். அப்புறம் தொட்டி மட்டம் ஏரி மட்டத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது, அலை அடித்தால் ஏரி உள்ளே எட்டிப்பார்க்கும். இதற்கு ஒருவழி வால்வு போடச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அதன் நாக்கில் ஒரு பாசித் துண்டு மாட்டினால் இரு பக்கமும் கெட்டது, ஒன்றும் மாட்டாவிட்டாலும் 5 செ.மீ. உயரத் தண்ணீருக்கு அந்த நாக்கைத் தள்ளுவதே வேலையாகிவிடும். வெளிவாயை உயர்த்துவதுதான் சரி. அதற்கு முன், எடையெல்லாம் ஏற்றிய படகை ஏரியில் விட்டு, ஆளும் பின்னால் நிற்க வைத்து, தண்ணீர் மட்டம் எங்கே வருகிறது என்று பக்கவாட்டில் ஒட்டுநாடா ஒட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள். அந்த அடையாளத்துக்கு நன்றாக மேலே, ஆனால் தொட்டி ஓட்டைக்குக் கீழே. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடம்தான் உங்களுக்குக் கிடைத்த சொத்து.

நான் செய்தது: தொட்டியிலிருந்து வெளியே வரைக்கும் எல்லாவற்றையும் ஒன்றரை இன்ச் ஆக்கினேன். தொட்டி பாலிஎதிலீன், அதில் எந்த சீலன்டும் உருப்படியாக ஒட்டாது, குழாய் குழாயாகப் பிதுக்கினாலும் கொஞ்ச நாளில் தோல் மாதிரி உரிந்து வரும். இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்து நட்டால் இறுக்குகிற பொருத்தியைப் போட வேண்டும், வாஷர்தான் அடைக்க வேண்டும். படகின் பக்கவாட்டில் ஹோல் சா வைத்து ஓட்டையைப் பெரிதாக்கி, விளிம்பை அரம் போட்டு மழுக்கி, நைலான் வாயை வைத்தேன். பார்க்க அழகாக இருக்கிறதே என்று பித்தளை, வெண்கலம் எதையும் அலுமினியப் படகில் வைக்காதீர்கள், ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும். சீலன்டுக்கு 3எம் 4200 போதும். 5200 ஒட்டினால் ஒட்டியதுதான், அடுத்த தடவை அந்த வாயை எடுக்கும்போது படகின் பெயின்டும் கூட வரும். பாலிசல்ஃபைட் வகை சீலன்டுகள் சில பிளாஸ்டிக்குகளையே வெடிக்க வைக்கும், அதனால் பிளாஸ்டிக் வாய்க்கு அது வேண்டாம். குழாய் முனையைக் கொதித்த தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துத் தள்ளினால் வெண்ணெய் போல ஏறும், துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப் போட்டு, குழாய் நகராத அளவுக்கு இறுக்கினால் போதும். பிளாஸ்டிக் முனையில் பலத்தைக் காட்டினால் பழைய வெடிப்பு திரும்ப வரும்.

எல்லாப் படகிலும் ஒன்றரை இன்ச் குழாய்க்கு இடம் கிடைக்காது. கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி, பம்பிலிருந்து தொட்டிக்குப் போகிற குழாயில் ஒரு பால் வால்வு வைத்து ஓட்டத்தைக் குறைப்பது. பம்பு கெட்டுவிடாதா என்று கேட்பார்கள். இந்த சென்ட்ரிஃப்யூகல் பம்புகளுக்கு வெளியேறும் பக்கம் நெரிப்பதால் ஒன்றும் ஆகாது, மின்சாரம்கூடக் குறைவாகத்தான் இழுக்கும். உறிஞ்சும் பக்கம் மட்டும் நெரிக்கக் கூடாது. என் முன்தொட்டிக்கு இதைத்தான் செய்திருக்கிறேன், வழியாத அளவுக்கு வால்வைத் திருகி, அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு.

ஓட்டத்தைக் குறைத்தால் மீன் செத்துவிடுமே என்பதுதான் அடுத்த கவலை, பழைய சொந்தக்காரரின் கவலையும் அதுதான். ஜூலையில் இங்கே ஏரியின் மேல்மட்டத் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வரைக்கும் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். பாஸுக்கு 5-க்குக் கீழே போனால் மூச்சு முட்டத் தொடங்கும். அந்தச் சூட்டில் மணிக்கு எத்தனை காலன் வெந்நீரை உள்ளே கொட்டினாலும் வருவது வெந்நீர்தான். அதைவிட, காலையில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்போதே நிரப்பி, உள்ளேயே சுற்றவிடும் நிலைக்கு மாற்றி, தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து மூடியோடு தொட்டியில் போட்டால் மீன் நன்றாக இருக்கும். ஏரியைவிட ஐந்து டிகிரி குறைந்தால் போதும், அதற்கு மேல் குளிர வைத்தால் அதுவே மீனுக்கு அதிர்ச்சி. ஐஸ் கட்டியை நேராகப் போட்டால் அதிலிருக்கிற குளோரினும் சேர்ந்து கரையும், அதனால்தான் பாட்டில். டெக்சாஸில் ஒரு நாளைக்கு ஒருவர் ஐந்து பாஸ்தான் வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலான ஏரிகளில் 14 இன்சுக்குக் குறையாமல். ஐந்து மீனுக்கு 95 லிட்டரில் இதுவே தாராளம். தண்ணீரைச் சுற்றவிட்டால் வழிவதற்கும் ஒன்றும் இல்லை, உள்ளே இருப்பதுதானே திரும்ப உள்ளே வருகிறது. ஆனால் கழிவு சேரும், அவ்வப்போது கொஞ்ச நேரம் புதுத் தண்ணீர் விட வேண்டும், வழிகிற தொட்டி அப்போது தன் குணத்தைக் காட்டும், அதனால் மேலே சொன்ன வேலையைத் தள்ளிப்போட முடியாது.

கரையேறும்போது செய்கிற வேலையும் இந்தக் குழாய்களோடு சம்பந்தப்பட்டது. ஏரிக்கு ஏரி பரவித் தொல்லை கொடுக்கிற ஜீப்ரா சிப்பி டெக்சாஸ் ஏரிகளுக்குள் முதலில் டெக்சோமாவில் 2009-ல் வந்தது, லூயிஸ்வில்லிலும் இப்போது இருக்கிறது. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, தொட்டித் தண்ணீரில் சவாரி செய்து அடுத்த ஏரிக்குப் போய்விடும். 2014 ஜூலையிலிருந்து மாநிலம் முழுவதும் சட்டம், ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகிலிருக்கிற தண்ணீரையெல்லாம் வடித்தாக வேண்டும். தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கினால் தொட்டிதான் காலியாகும், தண்ணீர் சுற்றுகிற குழாயிலும் நெரிக்கிற வால்வுக்கு மேலேயும் தண்ணீர் நிற்கும். ஏற்றிய படகை ராம்ப்பின் சரிவை விட்டு ஏறியதும் ஓரமாக நிறுத்தி, எல்லா வால்வையும் முழுக்கத் திறந்து, பம்பை இரண்டு மூன்று விநாடி மட்டும் தட்டிவிடுங்கள், கொப்பளித்துக்கொண்டு மிச்சமும் வரும். வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்து வைத்துக் காயவிட்டு, வெளிவாயில் கொசுவலைத் துண்டு ஒன்றை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள். ஏரியில் இறக்குவதற்கு முன்னால் அதைக் கழற்ற வேண்டும், நான் படகுச் சாவிக்கொத்தில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன்.